குளிக்கும் நீரும் வடிகட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை மண்ணிற் சுவறிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தேங்கி நிற்க, அதனைக் கிணற்றால் அள்ளிக் குடித்தும் குளித்தும் பயிர் வளர்த்தும் வாழ்ந்து வருபவர் நாம். அப்பாறையிலே தங்கிய நீர், பாறையிற் சிறிதைக் கரைத்துக்கொண்டே மேலே வருகின்றது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படையும், எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்க மறுக்கும் சவர்க்காரமும் இதற்குச் சாட்சிகள். இத்தகைய நீரையே வன்னீர் என்கின்றோம்.

இந்நாளிலே, ஷவர்க் குழாயிற் பூட்டும் சிறு வடிகட்டி ஒன்று கடைகளிலே விற்பனைக்கு வந்திருக்கின்றது. தோல் மிருதுவாகும், தலைமயிர் உதிராது என்பன அதற்குரிய விளம்பரங்கள். கொழும்பிலே வளர்ந்து, படிப்பின் நிமித்தம் எமது வீட்டில் வந்து தங்கியிருக்கும் தங்கையின் மகள், ஒருநாள் சீப்பும் கையுமாக எம்மிடம் வந்தாள்.

"மாமா, இங்கே வந்த பிறகு தலைமயிர் தும்பு போலாகிவிட்டது; கொத்துக் கொத்தாக உதிரவும் செய்கிறது. அந்த வடிகட்டியை வாங்கிப் பூட்டினால் நிற்குமா?"

"பூட்டலாம் பிள்ளை. ஆனால், எதனை வடிக்கப் போகிறோம் என்பதை முதலில் அறிய வேண்டாமா?" என்றோம்.

நாம் இரசாயனம் கற்பிப்பவர். ஆகையால், இக்கேள்வியை வகுப்பறைக்கே கொண்டு சென்றோம். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலிற் கொணர்ந்தனர். சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்பதற்கு எத்தனை துளி வேண்டியிருந்தது என்று எண்ணுவதே பரிசோதனை. மழை நீர் சில துளிகளிலேயே நுரைத்தது. கிணற்று நீரோ துளிகளை விழுங்கிக்கொண்டே இருந்தது. அதனைக் கொதிக்கவைத்து, ஆறியபின் வடித்துச் சோதித்தபோது துளிகளின் தொகை குறைந்தது. பின்னர், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஷவர் வடிகட்டி ஒன்றின் வழியாக அதே கிணற்று நீரைச் செலுத்திச் சோதித்தோம். துளிகளின் தொகை குறையவேயில்லை!

காரணம் எளிது. இவ்வடிகட்டிகளுள் பெரும்பாலும் இருப்பவை செம்பும் துத்தநாகமும் கலந்த மணிகள், பதப்படுத்திய கரி, விற்றமின் சி ஆகியவையே. இவை குளோரினை நீக்க வல்லவை. களனி ஆற்று நீரை அம்பத்தலையிலே சுத்திகரித்து, குளோரின் இட்டுக் குழாயில் அனுப்பும் கொழும்பிலே இவற்றுக்குச் சிறிது வேலை உண்டு. குளோரின் இடப்படாத கிணற்று நீரிலே வேலை ஏது?

வன்மையை நீக்குவது வேறு காரியம். லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணம் கரைந்திருந்தால் அதனை மிக வன்மையான நீர் என்பர். லீற்றருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு முறை குளிக்க 40 லீற்றர் செலவிட்டால், அதிலுள்ள சுண்ணம் 12 கிராம். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! உள்ளங்கை அளவான பாத்திரம் இத்தனையையும் எங்கே அடக்கி வைக்கும்? கல்சியத்தை வாங்கிச் சோடியத்தைக் கொடுக்கும் பெரிய மென்னீராக்கி இதனைச் செய்யும். அதற்கு இடமும் பணமும் வேண்டும். காலத்துக்குக் காலம் கறியுப்பும் இட வேண்டும். அதனாலும் தோல் நோய் தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் பொருந்தாது. இங்கிலாந்திலே வன்னீர்ப் பகுதிகளில் வாழும், கரப்பான் உடைய 336 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2011 இல் வெளியாயிற்று. மென்னீராக்கி பூட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு, வழக்கமான சிகிச்சையினும் மேலான பயன் எதுவும் கிட்டவில்லை.

ஆயின், மயிர் தும்பாவதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. சவர்க்காரமும் கல்சியமும் கூடிக் கரையாத அழுக்காகி மயிரிலே படிவதுதான் பெருந்தொல்லை. சீயாக்காய்க்கும் ஷாம்புக்கும் இத்தொல்லை குறைவு. முழுகி முடிந்தபின், ஒரு செம்பு நீரிலே சிறிதளவு தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ கலந்து தலையில் வார்த்து, பின்னர் அலசிவிட்டால் படிந்தது கழலும். மாரியிலே பிடித்துவைத்த மழை நீரால் ஈற்றில் அலசுதல் இன்னும் நன்று. எம் பாட்டிமார் இரசாயனம் கல்லாமலே சவர்க்காரத்தை விலக்கிச் சீயாக்காயும் தேசிக்காயும் தேடியது வீண் போகவில்லை.

மருமகளின் மயிர் மிருதுவாயிற்று. உதிர்வு மட்டும் நிற்கவில்லை. வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இங்கு வருவதற்குச் சற்று முன்னர் அவள் டெங்குக் காய்ச்சலில் கிடந்ததை அவரே கேட்டறிந்தார். கடுங்காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று மாதங்களின் பின் மயிர் உதிர்வது வழக்கமென்றும், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுமென்றும் கூறினார். இரும்புச்சத்துக் குறைவு, பிரசவம், தைரொயிட் கோளாறு ஆகியவற்றாலும் உதிர்தல் உண்டு. தண்ணீரின் மேற் பழி போட்டு வடிகட்டி வாங்குபவர், உடலிலுள்ள நோயைக் கவனியாது விட்டுவிடவுங் கூடும்.

இன்னொன்றையும் தாய்மார் சிந்தித்தல் வேண்டும். குளிக்கும் நீருக்காகக் கவலைப்படும் நாம், அதே கிணற்று நீரையன்றோ குடிக்கின்றோம்? தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிலே கரைத்த பால்மா கைக்குழந்தைகளுக்குப் பெருங்கேடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை; கொதிக்கவைத்தாலும் போகாது. ஷவர் வடிகட்டியும் அதனை நீக்காது.

ஆகவே, வடிகட்டி வாங்க எண்ணுவோர் முதலிலே ஒரு போத்தல் நீரைச் சோதனைச்சாலைக்குக் கொடுத்து, வன்மை, உவர்ப்பு, நைத்திரேற்று ஆகிய மூன்றையும் அறிந்துகொள்க. பின்னர் கடைக்காரரிடம், "இது எதனை நீக்கும், எத்தனை லீற்றர் வரை நீக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். எமது மருமகள் வடிகட்டிக்கென வைத்திருந்த பணத்தின் ஒரு பகுதி நீர்ப் பரிசோதனைக்குச் சென்றது. மிகுதியிலே கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாய் வாங்கினோம். இந்த மாரிக்கு அது நிறையும்.