செவிக்கு எட்டாத பாடம்

கல்விக்கூடத்தின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று நாம் பெருமையுடன் சொல்லிக் கொள்கிறோம். வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே நடைபெறும் பாடம் ஒரு பிள்ளையின் புலனுக்கு எட்டாத வழியில் நடக்குமாயின், அப்பிள்ளை வகுப்பில் அமர்ந்திருந்தும் வெளியே நிற்பதாகத்தானே பொருள்?

என் தங்கையின் மகளுக்குப் பிறவியிலேயே செவிப்புலன் குறைவு. இரு காதுகளிலும் கருவி அணிந்திருக்கிறாள். ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சென்றபோது தலைமையாசிரியர் கனிவாகவே சொன்னார்: “இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனிப்பள்ளிகள் இருக்கின்றனவே! அங்கே சேர்த்தால் அவளுக்கும் நல்லது, எங்களுக்கும் சிரமமில்லை.”

தனிப்பள்ளிகளை நான் குறைத்து மதிப்பவனல்லன். சைகை மொழியும், தம்மைப் போன்ற தோழமையும் அங்கே கிடைக்கின்றன. ஆயின் எங்கே படிப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. குறைபாடு நூற்றுக்கு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வு பிள்ளையினுடையது, பள்ளியினுடையது அன்று.

இவ்வுரிமையைக் கோர அரசு மருத்துவச் சான்று வேண்டும். அங்கேதான் என் தங்கை தயங்கினாள். “காக்கா, சான்று வாங்கினால் ஊரெல்லாம் தெரிந்துபோகுமே! நாளைக்கு இவளை யார் பெண் கேட்டு வருவார்கள்? இவளுக்கு இளையவளும் இருக்கிறாளே!” என்றாள். நம் குடும்பங்கள் பலவற்றில் உரத்துப் பேசப்படாத அச்சம் இது. நான் அவளிடம் கேட்டேன்: “காதில் இருக்கும் கருவியை ஊர் பார்க்கவில்லையா, தங்கச்சி? ஊருக்குத் தெரிந்ததை அரசாங்கத்துக்கு மட்டும் மறைப்பதால் நட்டம் யாருக்கு?” ஒரு வாரம் சென்றபின் அவளே மகளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். சான்றும் கிடைத்தது, பள்ளியில் இடமும் கிடைத்தது.

இடம் கிடைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. கருவி ஆசிரியரின் குரலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தருவதன்று. மின்விசிறியின் இரைச்சலையும், பெஞ்சு நகரும் ஓசையையும், அடுத்த வகுப்பின் கூச்சலையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. ஆகவே அவள் பாதியைக் காதால் கேட்டு, மீதியை உதட்டசைவால் ஊகிக்கிறாள். ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பிப் பேசினால் அந்தப் பாதியும் போய்விடுகிறது. உதட்டை மட்டும் பார்ப்பவருக்குப் ‘பாலை’யும் ‘மாலை’யும் ஒன்றே, ‘பாடு’ம் ‘மாடு’ம் ஒன்றே. சொல்வதை எழுதும் தேர்வில் அவள் தவறியபோது, எழுத்து அறியாதவள் என்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. உண்மையில் அங்கே சோதிக்கப்பட்டது எழுத்தறிவன்று, செவியே!

இங்கே எகிப்து நாட்டுப் பேரறிஞர் தாஹா ஹுசைன் அவர்களை நினைத்துப் பார்க்கிறேன். 1889இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். கிராமத்து மக்தபில் ஓதி, அல்அஸ்ஹரில் பயின்று, 1914இல் கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1950இல் அந்நாட்டின் கல்வி அமைச்சராகவே ஆனார். அவருடைய அறிவும் உழைப்பும் பெரியவை, ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய மக்தபில் கல்வி செவிவழியே நடந்தது; ஓதக் கேட்டு மனனம் செய்வதே முறை. அந்த முறை பார்வையற்ற சிறுவனுக்கு இயல்பாகவே வழிவிட்டது. அதே முறை செவிப்புலனற்ற ஒரு சிறுவனுக்குச் சுவராக நின்றிருக்கும். ஆகவே குறை பிள்ளையிடம் மட்டும் இல்லை. நாம் கற்பிக்கும் முறையிலும் அதில் பாதி இருக்கிறது.

முறையை மாற்றுவது மலையைப் பெயர்ப்பதன்று. அவளுடைய வகுப்பாசிரியை இதை உணர்ந்தபின் மூன்று காரியங்கள் செய்தார்: அவளை முன்வரிசையில் அமர்த்தினார், பிள்ளைகளை நோக்கி நின்று பேசினார், அன்றைய பாடத்தின் முக்கியச் சொற்களை முதலிலேயே பலகையில் எழுதினார். காது நன்கு கேட்கும் பிள்ளைகளும் பாடம் எளிதாகப் புரிகிறது என்றார்களாம்!

ஆனால் ஓர் ஆசிரியையின் நல்ல மனத்தை நம்பி ஒரு கல்வி முறை நிற்க முடியாது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் வேண்டுமென 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் ஊர்ப் பள்ளியில் அவர் இருக்கிறாரா என்று பெற்றோர் கேட்க வேண்டும். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளிலும் இதே கேள்வியைக் கேட்க நாம் கூசக்கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் வேறொரு விவாதம் நடக்கிறது. இரண்டாம் மொழித் தேர்விலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. பெற்றால் சுமை குறையும். ஆயின் நாளைக் கல்லூரியில் ஆங்கிலம் அவளுக்கு எட்டாமற் போய்விடுமோ என்று அவளுடைய வாப்பா அஞ்சுகிறார். உம்மாவோ, பிள்ளை வருந்துவதைக் காணச் சகியாமல் விலக்கே போதும் என்கிறாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளிடமே கேளுங்கள் என்றேன் நான். கேட்டார்கள். “ஒரு வருடம் படித்துப் பார்க்கிறேன், மாமா, முடியாவிட்டால் நானே சொல்கிறேன்” என்றாள் அவள்.