மைத்தேர்

திருவாரூர் ஆழித்தேர் அசைந்து வரும் காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார். அலங்கரித்து நிற்கும்போது ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது அத்தேர். மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வடம் பிடிப்பர். எனினும் தேரைச் செலுத்துவது வடம் அன்று. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடும் தொழிலாளரே அதனைத் திருப்புகின்றனர், நிறுத்துகின்றனர். திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைகளும் அமைத்துத் தந்த பின்னரும் முட்டுக்கட்டைக்கு வேலை ஒழியவில்லை. இழுக்கும் வலிமை வேறு. வேண்டிய இடத்தில் நிறுத்தும் நுண்மை வேறு.

இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் மற்றொரு தேர் உண்டு. அஃது ஒரு கைப்பிடிக்குள் அடங்குவது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஜெராக்ஸ் கடைதோறும், பள்ளி அலுவலகந்தோறும் காணப்படும் இங்க்ஜெட் பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்தால், மெருகேற்றிய எஃகுத் தண்டின்மேல் இடமும் வலமுமாக ஓடும் சிறு பெட்டியொன்று தென்படும். பழுது பார்ப்போர் அதனைக் ‘கேரேஜ்’ என்பர். தலைமயிரினும் நுண்ணிய துளைகளைக் கொண்ட அச்சுத்தலை அதில் வீற்றிருக்கின்றது. பல் வைத்த ரப்பர்ப் பட்டையே அதற்கு வடம். சிறு மோட்டாரே வடம் பிடிக்கும் ஆள். மைத்தேர் என்று அதனை அழைத்தால் பொருத்தமாகவே இருக்கும்.

எழுதுகோலுக்கும் எழுதப்படும் பொருளுக்கும் இடையே எது நகர்வது, எது நிற்பது என்னும் வினா மிகப் பழையது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்படும் ஓலைச்சுவடிகளை எழுதியோர், இடக்கையில் ஏட்டைப் பிடித்து, அக்கைப் பெருவிரலில் எழுத்தாணியைச் சார்த்தி, ஏட்டையே சிறிது சிறிதாக நகர்த்தி எழுதினர். விரலே அவர்க்குத் தாங்குதண்டு. கூரிய ஆணியால் புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போம் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அதனால் ‘பல் நோய்’ என்று எழுதக் கருதியது ‘பல நோய்’ என்று நின்றது. ஒரு பல்லின் வலி பல பிணியாகப் பெருகிற்று. எது கருதப்பட்டது என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டியதாயிற்று. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தோர் பட்ட பாட்டில் ஒரு பகுதி இப்புள்ளியால் விளைந்ததே.

1712-ஆம் ஆண்டில், காவிரி கடலொடு கலக்கும் நாட்டில் உள்ள தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. சீகன்பால்கு என்பார் அங்கே தமிழ் நூல்களை அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்கள் பின்னர் இங்கேயே வார்க்கப்பட்டன. அக்காலத்து மரக் கையச்சுப் பொறிகளில், எழுத்துக் கோத்த படுக்கை தண்டவாளத்தின்மேல் வழுக்கிச் சென்று அழுத்துபலகையின் கீழ் நிற்கும். அப்படுக்கைக்கும் ஆங்கிலத்தில் ‘கேரேஜ்’ என்பதே பெயர்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த யாழ்ப்பாணத்து முத்தையா, சிங்கப்பூரில் இருந்தபோது இவ்வினாவையே வேறு வகையில் எதிர்கொண்டார். தட்டச்சில் விசையைத் தட்டுந்தோறும் தாள் தாங்கிய வண்டி ஓர் எழுத்தளவு நகர்ந்துவிடும். அங்ஙனமாயின் புள்ளியும் விசிறியும் தமக்குரிய மெய்யின்மேல் அமர்வது எவ்வாறு? நகரா விசை என்பது அவர் கண்ட விடை. அவ்விசையைத் தட்டினால் புள்ளி விழும், வண்டி அசையாது, அடுத்துத் தட்டும் மெய் அதே இடத்தில் வந்து அப்புள்ளியின் கீழ் அமரும். வண்டி எப்போது நகர்தல் ஆகாது என்று அறிந்ததே அவருடைய நுண்ணறிவு.

மைத்தேருக்கோ இந்த வசதி இல்லை. அது நிற்பதே இல்லை. ஓடிக்கொண்டே எழுத வேண்டும். ஓடும் பேருந்திலிருந்து விட்டெறிந்த மாங்கொட்டை எறிந்த இடத்திற்கு நேரே விழாமல் சற்று முன்தள்ளி விழுவதை மாணவர் அறிவர். மைத்துளியின் செயலும் அதுவே. தேர் நொடிக்கு 1 மீட்டர் ஓடுகின்றது என்றும், துளி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கிப் பாய்கின்றது என்றும், தலைக்கும் தாளுக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றும் கொள்க. துளி தாளைத் தொடுவதற்குள் தேர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சென்றிருக்கும். துளியும் அவ்வளவு முன்தள்ளியே விழும். வலம் செல்லும்போது வலப்புறமும், இடம் திரும்பும்போது இடப்புறமும் அது விலகுமாதலின், இரு நடைக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் வேறுபாடு தோன்றும். அங்குலத்திற்கு 600 புள்ளி வைக்கும் பொறியில் இஃது ஏறக்குறைய ஐந்து புள்ளிகளின் அளவு. எழுத்தின் மேற்பாதி ஒரு நடையிலும் கீழ்ப்பாதி மறு நடையிலும் அமைய நேரின், பகரத்தின் நெடுங்கோடு ஒடிந்த மூங்கில் போல நிற்கும். புள்ளி தன் மெய்யை விட்டு விலகி நிற்கும்.

இதற்கு மாற்று, இலக்கை அடையுமுன்னரே துளியை விடுவிப்பதாகும். எவ்வளவு முன்னர் என்பதை ‘அலைன்மெண்ட்’ தாளை அச்சிட்டு, அதிலுள்ள கோடுகளுள் நேராக இருப்பதைத் தேர்ந்து பொறிக்கு அறிவிப்பர். ஆயின் இத்திருத்தம் தேரின் வேகம் மாறாதவரையில்தான் செல்லும். வேகம் நடுங்கின் திருத்தமும் பிழையாம். ஆகவே கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் ஈற்றில் தண்டும் பட்டையும் உறுதியாயிருத்தலே வேண்டப்படுகின்றது.

தேரின் இருப்பிடத்தை அறிய, அதன் வழிநெடுக ஒளிபுகும் மெல்லிய நாடா ஒன்று கட்டப்பட்டிருக்கும். அங்குலத்திற்கு 150 அல்லது 180 கருங்கோடுகள் அதில் உண்டு. தேரிலுள்ள ஒளிக்கண் அவற்றை எண்ணிக்கொண்டே செல்லும். இரண்டு கண்களைச் சிறிது இடம் மாற்றி அமைப்பதால் ஒரு கோடு நான்கு அடையாளமாகப் பயன்படுகின்றது. அந்நாடாவில் எண்ணெய்க் கறை படியின் தேர் வழி தெரியாமல் ஓரத்தில் சென்று மோதும். மென்துணியால் அதனை மெல்லத் துடைத்துவிட்டால் போதுமான பழுதிற்கு, பொறியே கெட்டதென்று புதிது வாங்குவாரும் உளர்.

தண்டைப் பற்றி ஓடும் வெண்கலப் புதை, தன் நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும். அது தேய்ந்தால் தேர் தலையாட்டும். கிறீச்சென்று ஒலிக்கின்றதே என்று தேங்காய் எண்ணெய் இடுவோர் உண்டு. அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பற்றும். பட்டை தளர்ந்தால், தேர் திரும்பும் ஓரங்களில் எழுத்து நடுங்கும். இதனால்தான் வேகம் கூடுதலும் குறைதலும் தாளுக்கு வெளியே நிகழுமாறு ஓரங்களில் இடம் விட்டு அமைக்கின்றனர்.

ஊர்தோறும் காதணி விழாவுக்கும் குடமுழுக்குக்கும் பதாகை அச்சிடும் பெரும் பொறிகளில் இத்தேர் பத்தடி அகலம் ஓட வேண்டும், எடையும் மிகுதி. ஆதலின் தண்டுக்கு மாறாக, குண்டு பொருத்திய எஃகுத் தடத்தின்மேல் அதனை ஓடவிடுவர். டெல்டாவின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்பினது. அம்மண்ணின்மேல் எழுந்த தளமும் சிறிது அசையும். அனுபவமுள்ள தொழிலாளர் அவ்வப்போது ரசமட்டம் வைத்துப் பொறியின் கால்களைத் திருகிச் சமன் செய்வர். அது செய்யாத கடையின் பதாகையில், தலைவர் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழும். பதாகைகளில் ஒற்றுப் பிழை மலிந்திருப்பதோ தேரின் குற்றம் அன்று.

வேலை முடிந்ததும் தேர் நிலைக்கு வர வேண்டும். வலது ஓரத்திலோ இடது ஓரத்திலோ அதற்கு நிலை உண்டு. ஆங்கே ரப்பர் மூடி எழும்பி அச்சுத்தலையின் துளைகளை அடைத்து, மை உலராமல் காக்கும். பொறியின் பொத்தானை அழுத்தி அணைத்தால் தேர் தானே நிலைக்குச் சென்று அமரும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தாலோ, மின்சாரம் இடையில் நின்றாலோ, தேர் நடுவழியில் நின்றுவிடும். சித்திரை வெயிலில் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

ஐப்பசி கார்த்திகையில் துன்பம் வேறு வகையினது. அடைமழையில் தாள் ஈரத்தை உறிஞ்சி அலையலையாக நெளியும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் தலை அந்நெளிவில் உரசி மையைத் தீற்றும். அந்நாட்களில் தாளைக் கட்டுப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருந்து, அன்றைக்கு வேண்டுமளவே எடுத்து இடுவதே தக்கது.