இடப்பக்கம் திருப்பணும்

பாத்ரூம் கதை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பாத் டப் இருக்கிறது. உடப்புப் பக்கம் வந்து போனவர்களுக்கு அது இங்கே எவ்வளவு பொருத்தமில்லாத சாமான் என்று விளங்கும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு, நடுவில் மணல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாது, குடிக்கிறதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த ஊரில் ஆள் படுத்துக் குளிக்க ஒரு தொட்டி! வீடு குடிபுகுந்த அன்று வந்தவர்கள் சாப்பாட்டை விட அதைத்தான் பார்த்தார்கள். "இதுல மையத்தைத்தான் குளிப்பாட்டலாம்" என்று ஒரு மாமி சொன்னது இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஓடுகிற பகிடி.

டப்பை அனுப்பியது என் நானா. வாப்பா மவுத்தாகி அடுத்த வருசம், 2009 இல் கட்டாருக்குப் போனவர். நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனது, விடுதியில் இருந்து படித்து முடித்தது, சீதனமாக இந்த வீடு எழும்பியது, எல்லாம் நானாவின் உழைப்பு. எங்கள் பக்கத்தில் வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் பேசுவது லேசு இல்லை. அது சரியா பிழையா என்பதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

"நானா என்ன வேலை?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது உம்மா, "டோஹாவுல பெரிய ஹோட்டல் ஒண்டுல சுப்பவைசர்" என்றார். அன்றிலிருந்து நாங்களும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம்.

2016 இல் வீட்டு வேலை முடியும் தறுவாயில் கார்கோவில் டப் வந்தது. ஹோட்டலில் அறைகளைப் புதுப்பிக்கும்போது டப்களைக் கழற்றிவிட்டு ஷவர் போட்டார்களாம். "சும்மாதான் தந்தாங்க. உம்மாக்கு முழங்கால் வருத்தம்தானே. ஒரு நாளாவது காலை நீட்டி உக்காந்து குளிக்கட்டும்" என்றார் நானா. உம்மா அதில் இரண்டே தரம் இறங்கினார். இரண்டாம் தரம் ஏற முடியாமல் நானும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சேர்ந்து தூக்கி எடுத்தோம். அதோடு உம்மா பழையபடி வாளிக்கும் கோப்பைக்கும் திரும்பிவிட்டார். டப் என் பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகமானது.

2022 இல்தான் அது உண்மையாக உதவியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம் ஞாபகம் இருக்கும். கரண்ட் இருந்தால்தான் மோட்டர், மோட்டர் ஓடினால்தான் தண்ணீர். கரண்ட் வருகிற நேரம் பார்த்து டப்பை நிரப்பி, மூடியை அழுத்தி அடைத்து வைப்போம். வுளூவுக்கும், சட்டி பானை கழுவவும், கக்கூசுக்கும் அந்தத் தண்ணீர்தான். 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிய வருசம் அது. பால்மா வாங்க யோசித்தோம். அந்த மாதங்களில் நானா ஒரு முறை கூடக் காசு அனுப்பப் பிந்தவில்லை.

மாதக்கணக்கில் மூடியபடி இருந்ததில் மூடியைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்துவிட்டது. பிறகு ஒரு நாள் இழுத்துத் திறந்தோம். பாதி எழும்பியது, அதோடு நின்றது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. இடுக்கால் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்ததால் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். இந்த வருசம் அந்தக் கசிவும் நின்றது. கணுக்கால் அளவு சாம்பல் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்றது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வன்னீரில் இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத அடையலாகும் என்று வருசா வருசம் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்த அடையல்தான் தலைமுடியோடு பின்னிக்கொண்டு என் வீட்டுக் குழாயில் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. 2017 இல் நாட்டில் 186,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, தேங்கிய தண்ணீரில் ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும் என்று காலைக் கூட்டத்தில் பேசுகிறவளும் நான்தான். போன வெள்ளிக்கிழமை மூத்த மகள் வந்து, "உம்மா, டப்புல புழு துள்ளுது" என்றாள். குனிந்து பார்த்தேன். நுளம்புக் குடம்பிகள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு பாஸ் வந்தார். மூடியைத் தட்டிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். "டைல்ஸ உடைச்சு டப்பத் தூக்கினாத்தான் டீச்சர் சரி வரும். 25,000 வச்சிக்கோங்க. டப் வெடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார். மகள்களின் வாப்பா லொறியில் கொழும்புக்குப் போயிருந்தார். பிறகு சொல்கிறேன் என்று பாஸை அனுப்பிவிட்டு, குறட்டை எடுத்து நானே முறுக்கினேன். நிக்கலில் நாலு கீறல் விழுந்தது. மூடி அசையவில்லை.

நானாவின் சாமான். உடைத்துவிட்டுச் சொல்வதை விடக் கேட்டுவிட்டு உடைப்போம் என்று கோல் எடுத்தேன். வெட்டினார். பத்து நிமிசத்தில் அவரே வீடியோவில் வந்தார். எங்களுக்குப் பதினொன்றரை, அங்கே ஒன்பது மணி. சாம்பல் நிறச் சேட், நெஞ்சில் பெயர்ப் பட்டி. பின்னால் துவாய்கள் அடுக்கிய தள்ளுவண்டியின் ஒரு மூலை தெரிந்தது.

"எங்க, மூடியக் காட்டு."

காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது அமுக்கிற மூடி. மூணு வகை இரிக்கு தங்கச்சி. குமிழ் வச்சித் தூக்கித் திருப்பிறது ஒண்டு, அதுல குமிழுக்குக் கீழ சின்னத் திருகாணி ஒண்டு ஒளிஞ்சிருக்கும். மத்தது, மேல தண்ணி வழியிற ஓட்டையில கைபிடி வச்சது. அதக் கீழ இருந்து இழுத்தா வராது, மேல் தட்டக் கழட்டித்தான் எடுக்கணும். ஒன்டது லேசு. குறட்ட வச்சிட்டு வா. என்னத்தையும் ஊத்தினியா?"

"இன்னும் இல்ல. அசிட் வாங்கலாம் எண்டு பாத்தன்."

"வேணாம். ஒரு நாளும் ஊத்தாத. குளோரின் போட்ட இடத்துல அசிட் பட்டா வாற புகை ஆளையே போட்டுடும். இங்க ஒருத்தன் மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தான்."

அதுவும் நான் படிப்பிக்கிற பாடம்தான்.

"பொறு, காட்டுறன்" என்று ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்தார். இப்போது அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளை டப். எங்கள் டப்பின் தம்பி மாதிரி. அதன் ஓரத்தில் குந்தி, கையை உள்ளே விட்டு, மூடியை ஒரு அமுக்கு, ஒரு திருப்பு. இரண்டு செக்கன் இருக்கும், மூடி கையில் இருந்தது. அவர் கையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே கழற்றினார்.

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் எழுதுவேன். 11 வருசப் பழக்கம். பார்க்காமல் ஒரு கை வேலை செய்வதென்றால் அந்தக் கை அதை எத்தனை ஆயிரம் தரம் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மூடியைத் தூக்கிக் காட்டிய விரல்களைப் பார்த்தேன். நுனிகள் வெடித்து, நக ஓரமெல்லாம் வெளிறிப் போயிருந்தன.

"நானா, ஒரு நாளைக்கு எத்தன ரூம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "பதினாறு. சீசன்ல கூடும்."

2022 இல் உலகக் கிண்ணம் நடந்தபோது நாங்கள் எல்லோரும் இங்கே டீவிக்கு முன்னால் இருந்தோம். ஸ்டேடியத்துக்குப் போனீங்களா, மெஸ்ஸியைப் பார்த்தீங்களா என்று நானாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தோம். நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை 29 நாளும் "வேல கூட" என்ற ஒரே பதில்தான். எந்த வேலை என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

"சுப்பவைசர் எண்டு சொன்னது பொய் இல்ல" என்றார் நானா. "ஆறு மாசம் பாத்தன். அதுக்கு ஓவர்டைம் இல்ல. ஒன்ட வீட்டுக்குக் கூரை போடுற நேரம் அது. நானே கேட்டுத் திரும்பி வந்துட்டன். நீ டீச்சர். ஸ்கூல்லயும் மாப்புள வீட்டுலயும் ஒண்டும் கதைக்கக் கூடாது எண்டுதான் சொல்லல்ல."

எனக்கு வாய் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "அழாத, முதல்ல தண்ணிய அள்ளு" என்றார்.

அள்ளினேன். அவர் சொன்னபடி துணியை வினாகிரியில் நனைத்து மூடியைச் சுற்றி ஒரு மணித்தியாலம் வைத்தேன். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. பிறகு ரப்பர் கையுறையைப் போட்டு மூடியைப் பிடித்து, இடப்பக்கம் திருப்பினேன். முதலில் முனகியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பாஸ் 25,000 கேட்ட மூடி கழன்று என் கையில் வந்தது.

உள்ளே இருந்து வந்ததை விவரிக்க மாட்டேன். என் முடி, மகள்மாரின் முடி, சவர்க்கார அடையல், சின்னவள் தொலைத்து அடி வாங்கிய நீலக் கிளிப். கேபிள் டை ஒன்றின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, உள்ளே விட்டு இழுக்க இழுக்கக் கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. நானா மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி எடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த நாட்டுக்காரன்ட முடியா இருந்தாலும் பைப்புக்குள்ள போனா இப்பிடித்தான் தங்கச்சி. கோடீஸ்வரன்ட முடியும் கறுத்த சேறுதான்."

சூடாக்கிய தண்ணீரை ஊற்றினேன். ஒரு தரம் "குளுக்" என்றது. பிறகு சுழன்று இறங்கியது. பிள்ளைகள் இரண்டும் கைதட்டின.

திங்கட்கிழமை வகுப்பில் இடாப்பைத் திறந்தேன். பிள்ளைகளின் விபரத்தில் "தந்தையின் தொழில்" என்று ஒரு நிரல் இருக்கிறது. மீன்பிடி, இறால் பண்ணை, மேசன், கடை. ஏழு பிள்ளைகளுக்கு நேரே "வெளிநாடு" என்று இருந்தது. என் கையெழுத்துத்தான். வெளிநாடு ஒரு தொழிலா? வருசா வருசம் அப்படி எழுதி வந்திருக்கிறேன். ஒரு பிள்ளையிடமும் "வாப்பா அங்க என்னம்மா செய்யிறாரு?" என்று கேட்டதில்லை. பிள்ளைக்கும் தெரியாமல் இருக்கலாம். யாரும் கேட்காவிட்டால் அந்த வாப்பா யாருக்குச் சொல்வார்? சுத்தம் பற்றிய ஹதீஸை வகுப்புச் சுவரில் வர்ணத்தில் எழுதி வைத்திருக்கிறோம். சுத்தம் செய்து நமக்குச் சோறு போடுகிறவரின் தொழிலை மட்டும் வெளியில் சொல்லக் கூசுகிறோம். இதில் மற்றவர்களைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 16 வருசம் கேட்காமல் இருந்தவள் நான்.

என் நானா கட்டாரில் ஹோட்டல் அறைகளும் பாத்ரூம்களும் சுத்தம் செய்கிறார். ஒரு நாளைக்குப் பதினாறு. இந்த டீச்சர் படித்தது அந்தக் காசில்.

இதை எழுதலாமா என்று நேற்று இரவு அவரிடமே கேட்டேன். யோசித்தார். "எழுது. ஆனா சரியா எழுது. ஆக்கள் வலப்பக்கம் திருப்பி உடைச்சுப் போடுவாங்க" என்றார். ஆகவே நானா சொன்னபடி:

முதலில் தண்ணீரை முழுக்க அள்ளுங்கள். வினாகிரித் துணியை மூடியைச் சுற்றி ஒரு மணித்தியாலம் வையுங்கள். அமுக்கிற மூடியென்றால் திறந்த நிலையில் வைத்து, கையுறையோடு பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். குறடு வேண்டுமென்றால் துணி சுற்றிப் பிடியுங்கள். மூடி மட்டும் சும்மா சுழன்றால் கீழே உள்ள தண்டைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். அசிட் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், பிளாஸ்டிக் பைப் இளகிவிடும், கை பொறுக்கிற சூடு போதும். மூடியைத் திரும்பப் பூட்டுமுன் அதன் புரியில் கொஞ்சம் வஸ்லின் பூசுங்கள், அடுத்த முறை லேசாகக் கழலும்.

நானா வருகிற ஹஜ் பெருநாளைக்கு லீவில் வருகிறார், இன்ஷா அல்லாஹ். வந்தால் அந்த டப்பில் முதலில் அவர்தான் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று உம்மா சொல்லிவிட்டார். கழுவி வைக்கப் போவது நான்.