நழுவும் கிளட்ச்

ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50தான் நான் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்த வண்டி. அதற்குப்பின் பாரூர் ஏரிக்கரையை ஒட்டிய என் பட்டறையில் எத்தனையோ வண்டிகளின் கிளட்சைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். கிளட்ச் நழுவினால் அது நோய், இறுகப் பிடித்தால் அது குணம். இதுவே நான் கற்ற பாடம். ஸ்பிரிங் தளர்ந்த பழைய வண்டிகளுக்கு, ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வாஷரை வைத்து முடுக்கி அனுப்புவோம். சில மாதங்கள் ஓடும்.

என் மகன் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறான். அவனிடம் இருப்பது 2018ஆம் ஆண்டு அப்பாச்சி. தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வந்தவன், "எஞ்சின் கத்துது, வண்டி இழுக்கலைப்பா" என்றான். நான் வழக்கம்போல் வாஷரை எடுத்தேன். "இது ஸ்லிப்பர் கிளட்ச்ப்பா. நழுவுறதுக்குன்னே செஞ்சது. வாஷர் வைக்கக் கூடாது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். "எனக்கே பாடமா?" என்று கேட்டேன். அவன் பேசவில்லை. எங்கள் வீட்டில் உரையாடல்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அடுத்த வாரம் மேலுமலை இறக்கத்தில் மழை. முன்னே சென்ற லாரி திடீரென வேகம் குறைக்க, அவன் இரண்டு கியர்களை ஒரே மூச்சில் குறைத்திருக்கிறான். பின்சக்கரம் துள்ளி வழுக்கிற்று. மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த வண்டி நின்றது கடவுளின் இரக்கம். தன் தாயிடம் அவன், "ரோடு ஈரம்மா" என்று மட்டுமே சொன்னான். வாஷரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்னைத் தூங்கவிடாதது அந்த மௌனந்தான்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னேன். "மகனிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் வண்டியைப் பிரித்தேன். கட்டுப்போட்ட கையோடு மகன் திண்ணையில் அமர்ந்திருந்தான். எண்ணெயை வடித்து, வலப்பக்க மூடியைக் கழற்றினேன். வாஷர்கள் வைத்தவாறே இருந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் முன் சென்று, "இதை வச்சது நான்தான். நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றேன். அவன் நெடுநேரம் என்னைப் பார்த்தான். "தெரியும்பா" என்றான். பிறகு, "நடுவுல இருக்கற அந்த ஹப்பையும் பிரிங்க, காட்டறேன்" என்றான்.

காட்டினான். அந்த நடுப்பகுதி இரண்டு துண்டுகளால் ஆனது. இரண்டிலும் சாய்வான மேடுகள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டிருந்தன. எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது அம்மேடுகள் தகடுகளை இறுக்குகின்றன. இறக்கத்தில் கியரைக் குறைக்கையில், சக்கரம் எஞ்சினை அதன் வேகத்துக்கு மேல் சுழற்ற முற்படுகிறது. அப்போது அதே மேடுகள் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தகடுகளின் பிடியைச் சற்றே தளர்த்துகின்றன. சக்கரம் துள்ளாமல் உருள்கிறது. நானோ வாஷர் வைத்து, அந்த ஸ்பிரிங் விட்டுக்கொடுக்க முடியாதபடி முடுக்கியிருந்தேன்!

முதலில் வண்டி இழுக்காமல் போனதற்கும் நானே காரணம். காருக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயை ஊற்றியிருந்தேன். பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கும். எஞ்சின் எண்ணெயிலேயே கிளட்சும் மூழ்கி ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அது ஆகாது. அதற்கு ஜாஸோ எம்.ஏ.2 குறியுள்ள எண்ணெய் வேண்டும். (டப்பாவின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இல்லை.) உராய்வுத் தகடுகள் தேய்ந்து கருகியிருந்தன. இரும்புத் தகடுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தபோது இரண்டு வளைந்திருந்தன. மேடுகளுக்கு நல்லவேளையாகச் சேதமில்லை.

புதிய உராய்வுத் தகடுகளை இரவு முழுதும் எண்ணெயில் ஊறவைத்தேன். காலையில் அவன் சொல்லச் சொல்ல, தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கினேன். அந்த வண்டிக்குரிய ஸ்பிரிங்குகளை வாஷரின்றிப் பொருத்தி, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்கினேன். ஒருமுறை அவசரப்பட்டேன். "மெதுவாப்பா" என்றான். மெதுவாகவே செய்தேன்.

ஏரிக்கரைச் சாலையில் நானே ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, கிளட்சைச் சட்டென்று விட்டேன். திரும்பி வந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான்.

"துள்ளுதாப்பா?"

"இல்லைப்பா" என்றேன்.