ஒரு கிளையாறு தவறினால்...

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தில் ஓடுகிறது பீல் ஆறு. ஓகில்வி, பிளாக்ஸ்டோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அது பிறக்கிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கிப் போகும் பீலுடன் தெற்கு மலைகளிலிருந்து ஹார்ட், விண்ட், போனெட் ப்ளூம், ஸ்னேக் என்று வரிசையாக நான்கு ஆறுகள் வந்து சேர்கின்றன. பிறகு வடக்கே திரும்பி, மெக்கன்ஸி ஆற்றில் கலக்கிறது பீல்.

யூகானில் மட்டும் இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 67,000 சதுர கிலோமீட்டர். மேற்கு ஓரத்தில் செல்லும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையை விட்டால், உள்ளே போக சாலையே கிடையாது. கோடையில் ஆறுதான் பாதை. குளிர்காலத்தில் உறைந்துபோன அதே ஆறுதான் பாதை.

அந்தச் சாலையின் பெயருக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

1910 டிசம்பர் 21. ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து டாசன் நகருக்குக் கிளம்பினார் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட். உடன் மூன்று பேர், 15 நாய்கள். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக உணவைக் குறைத்தே எடுத்துக்கொண்டார். வழியில் சில நாள் வழிகாட்டிய க்விச்சின் பூர்வகுடி மனிதரையும் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பின் வழி சொல்ல வேண்டியவர், அந்தப் பாதையில் ஒரே ஒரு முறை, அதுவும் எதிர்த்திசையில் பயணித்தவர்.

அவர்கள் திரும்ப வேண்டிய இடம் ஃபாரஸ்ட் க்ரீக் என்ற சின்ன ஓடை. பனி மூடிய பள்ளத்தாக்கில் எல்லா ஓடையும் ஒன்றுபோலத்தானே தெரியும்? ஒரு வாரம் தேடியும் அது கிடைக்கவில்லை. ஜனவரி 18-ம் தேதி வந்த வழியே திரும்பினார்கள். உணவு தீர்ந்தது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று சாப்பிட்டார்கள். நால்வரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கடைசி இருவர் இறந்து கிடந்த இடத்துக்கும் ஃபோர்ட் மெக்ஃபெர்சனுக்கும் இடையே மிச்சமிருந்தது சுமார் 40 கிலோமீட்டர்தான்!

மார்ச் மாதம் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற போலீஸ்காரர். அவர் க்விச்சின் வழிகாட்டி ஒருவரைக் கையோடு அழைத்துப் போயிருந்தார்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே ஆறுகளுக்காக இன்னொரு போராட்டம் நடந்தது. இங்கே மண்ணுக்கடியில் இரும்புத்தாதும் நிலக்கரியும் இருக்கின்றன. இந்தப் படுகையில் 80 சதவிகிதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று 2011-ல் திட்டக் குழு பரிந்துரைத்தது. யூகான் அரசோ 2014-ல் அதை ஒதுக்கிவிட்டு, பெரும்பகுதியைச் சுரங்க வேலைகளுக்குத் திறந்துவிடும் தன் சொந்தத் திட்டத்தை அறிவித்தது. பூர்வகுடிகள் நீதிமன்றம் போனார்கள். 2017 டிசம்பர் 1 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசின் திட்டத்தை ரத்து செய்தது. 2019-ல் கையெழுத்தான இறுதித் திட்டப்படி 83 சதவிகிதப் பகுதிக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது.

எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்று தெரிந்தவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள். அன்று அவர்களை வேண்டாம் என்று அனுப்பியதற்கு விலை நான்கு உயிர்கள். இந்த முறை, அவர்கள் சொன்னதைக் கேட்கும்படி நீதிமன்றம் செய்தது. விண்டும் ஸ்னேக்கும் இன்றும் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கின்றன.