எறும்பு மேல் போட்ட பழி

மார்கழி மாதம் விடிந்தும் விடியாமல் பச்சரிசி மாவில் கோலம் போடுவேன். "எறும்புக்கும் ஒரு வாய் சோறு கிடைக்கட்டும்" என்பார் என் மாமியார். வாசலில் சோறு போட்ட அதே கையால் கொல்லையில் அந்த எறும்புக்கு விஷம் வைத்தேன் என்றால் நம்புவீர்களா சகோதரிகளே? போன மார்கழியில் அதுதான் நடந்தது.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். கொல்லையில் நாலு பப்பாளி, இரண்டு செம்பருத்தி, ஒரு பாத்தி முள்ளங்கி. பப்பாளிக் காயெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டு, குருத்து சுருண்டு போனது. தண்டில் சாரை சாரையாய் எறும்பு. பக்கத்துப் பாத்தியில் முள்ளங்கி இலை சல்லடைக் கண்ணாய் ஓட்டை. எல்லாம் எறும்பு செய்கிற வேலை என்று முடிவு கட்டி, கடையில் பூச்சிப்பொடி வாங்கி வந்து மரத்தடி, பாத்தி ஒன்று விடாமல் தூவினேன்.

அரியலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் அப்போது வந்திருந்தாள். பேரனுக்குப் பத்து மாதம், தவழ்கிற வயசு. கண் மூடித் திறப்பதற்குள் கொல்லைக்குப் போய்விட்டான். ஓடிப் போய்ப் பார்த்தால் இரண்டு கையிலும் பொடி! வாய்க்குள் போனதா இல்லையா, தெரியவில்லை. "என்னம்மா போட்டு வச்சிருக்கே?" என்று மகள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வையுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மகள் கேட்கவில்லை. ஈரத்துணியால் வாயைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, சட்டையை மாற்றி, பொடி இருந்த பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "வாந்தி எடுக்க வைக்காதது நல்லதாப் போச்சு. பொட்டலத்தைக் கொண்டு வந்தது அதைவிட நல்லது" என்றார் டாக்டர். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தான். 2017-ல் எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்தடித்த பெரிய ஆட்களே உயிரை விட்டார்கள். அது தெரிந்தும் இப்படிச் செய்தேனே என்று மனசு ஆறவே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பப்பாளியில் எறும்பு பழையபடி ஏறுகிறது! "எதுக்கு ஏறுதுன்னு ஒரு நாளாவது பாத்தியாம்மா?" என்றார் மாமியார். சுருக்கென்றது. பொடி கிடந்த மேல்மண்ணைக் கையில் பை மாட்டிக்கொண்டு வழித்து அப்புறப்படுத்தினேன். இரண்டு செடியின் இலையையும் பூச்சியோடு தனித்தனிப் பையில் போட்டு, வாலிகண்டபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பப்பாளியில் இருந்த வெள்ளை, மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சி இனிப்பாய்க் கழிக்கிறது. அதைக் குடிக்கத்தான் எறும்பு ஏறுகிறது. குடித்த நன்றிக்கு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. ஆக, எறும்பு திருடன் இல்லை, திருடனுக்குக் காவல்! இப்போது பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கிறேன். தண்டில் துணி சுற்றி, துணிமேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. சுவரில் உரசும் கிளையையும் வெட்டிவிட வேண்டும்.

முள்ளங்கியைத் தின்றது வேறு ஆள். கறுத்த பச்சையில் ஒரு புழு. தொட்டால் சுருண்டு விழுந்து செத்ததுபோல் நடிக்கும். இது ரம்ப ஈயின் புழு. தாய்ப்பூச்சி ரம்பம் போன்ற உறுப்பால் இலை ஓரத்தைக் கீறி முட்டை வைக்கும். பேர்தான் ஈ, எறும்புக்கும் குளவிக்கும்தான் சொந்தம். வயிற்றடியில் சதைக்கால்களை எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுவுக்கு ஐந்து ஜோடிக்கு மேல் இராது. இதற்கு எட்டு ஜோடி. வெயிலில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். காலையிலும் மாலையிலும் மேயும். அந்த நேரம் இலைக்கடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டைப் பிடித்துத் தட்டினால் தானே விழும், அதன் நடிப்பே அதற்கு எமன்! 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டியும் தெளிக்கலாம்.

இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரியையும் விட்டுவைக்கவில்லை. அதை அடக்க 2010-ல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து கடுகைவிடச் சிறிய குளவிகளைத் தருவித்து விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும், நம்மைக் கொட்டாது. என் பொடி இந்த நல்ல பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விஷம்.

எறும்பு, ரம்ப ஈ, குளவி மூன்றும் ஒரே இனம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஆளுக்கு ஒரு குணமாய் இருப்பதில்லையா?

கைக்குழந்தை உள்ள வீட்டில் பூச்சிப்பொடியே வேண்டாம் தாய்மார்களே. தப்பித்தவறிக் குழந்தை கையில் பட்டுவிட்டால் நாட்டு வைத்தியம் பார்க்காமல் 108-க்குச் சொல்லுங்கள். என் பேரன் இப்போது நடக்கிறான். காலையில் தட்டைப் பிடிப்பது நான், இலையைத் தட்டுவது அவன்.