கேட்ட கச்சேரிகளும் ஒரு கெட்ட கச்சேரியும்

இசை ஆகுமா, ஆகாதா என்னும் வினா நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக இருந்து வருவது. அதற்கு விடை கூற நாம் ஆலிம் அல்லோம். அந்த விவாதத்தை அதற்குரிய பெருமக்களிடமே விட்டுவிட்டு, ஐம்பது ஆண்டுகளாகத் தெருமணலிலும் தர்கா முற்றத்திலும் மண்டபங்களிலும் அமர்ந்து கேட்ட கச்சேரிகளுள் நெஞ்சைவிட்டு அகலாத சிலவற்றை மட்டும் இங்கே எழுதத் துணிகிறோம். நல்லதை முதலில் கூறிக் கெட்டதைப் பின்னால் கூறுவதே வழக்கம். நாம் மாற்றிக் கூறப் போகிறோம். வேப்பங்கொழுந்தை முதலில் விழுங்கிவிட்டால் பிறகு கருப்பட்டியை நிம்மதியாகச் சுவைக்கலாம் அல்லவா!

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். மீலாது விழாவை ஒட்டி ஒரு நகரத்தில் கவ்வாலிக் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. நகரத்தின் பெயரும் விழாக் குழுவின் பெயரும் வேண்டாம். வட நாட்டிலிருந்து ஒன்பது பேர் கொண்ட குழுவை இரண்டு இரவு ரயில் பயணத்தில் வரவழைத்திருந்தார்கள். மண்டபம் பெரியது, பணம் தாராளமாகச் செலவாகியிருந்தது, வாயிலில் பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். மாலை 7 மணிக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழ் சொன்னது. பாடகர் வாயைத் திறந்தபோது மணி 10.40.

இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சால்வை நடந்தது! ஒருவர் மற்றொருவருக்குப் போர்த்த, போர்த்தப்பட்டவர் எழுந்து போர்த்தியவருக்குப் போர்த்த, புகைப்படக்காரர் திருப்தியடையாமல் மறுபடியும் போர்த்தச் சொல்ல, இப்படியே நாற்பத்து மூன்று வரை எண்ணினோம். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம். பெருமானார் (ஸல்) அவர்களின் எளிமையைப் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவருடைய தோளிலும் இரண்டு சால்வைகள் கிடந்தன. பாட வந்தவர்களோ மேடைக்குப் பின்னே, சமையல் அண்டாக்கள் அடுக்கியிருந்த இடத்தில், நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கவ்வாலி என்பது அவசரத்திற்கு உடன்படாத கலை. முதலில் இறைவனைப் புகழும் ஹம்து, அடுத்து நபிபெருமானாரைப் புகழும் நஃத்து, அதன்பின் இறைநேசர்களைப் பற்றிய மன்கபத்து என்று அது படிப்படியாக ஏறிச் செல்லும். ஒரே அடியைப் பத்து முறை, இருபது முறை திருப்பிப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே சொல் வேறொரு கதவைத் திறக்கும். அன்று ஹம்து முடியுமுன்பே ஒலிபெருக்கிகள் அதை விழுங்கிவிட்டன. சவுண்டு சர்வீஸ்காரர் தம்மிடமிருந்த எதிரொலிப் பெட்டியை முழுதாகத் திருகிவிட்டிருந்தார். 'அல்லாஹ்' என்று பாடகர் ஒருமுறை அழைத்தால் மண்டபம் ஏழு முறை முழங்கியது. டோலக்கின் ஓசை நெஞ்செலும்பில் இடித்தது. சொல் ஒன்றும் காதில் விழவில்லை. உருதுமொழி அறிந்த நண்பர் ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார். அவருக்கும் விழவில்லை.

பெண்களுக்கு மாடியில் தனி அறை ஒதுக்கி, அங்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்திருந்தார்கள். அதில் படம் வந்தது, ஒலி வரவில்லை. அவ்வளவு நேரமும் நம் வீட்டார் வாயசைவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது பிறகு வந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மேடையேறிப் பாடகரின் தலைக்கு மேல் பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் ஏறினார். டோலக் வாசித்த முதியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. விசிறிக் காற்றில் நோட்டுகள் மேடையைவிட்டுப் பறந்து போகாதபடி, வலக்கை தாளத்தை விடாமல் இருக்க, இடக்கையால் அவற்றைப் பொறுக்கித் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டே இருந்தார். எறிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. 11.30 மணிக்கு மண்டபத்தின் வாடகை நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ விளக்கை அணைத்தார்கள், பாட்டின் நடுவில்! அந்த இருட்டிலும் பாடகர் எடுத்த அடியை முடித்துவிட்டுத்தான் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார். அவர் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. அவரை நாம் கேட்டதாகவே சொல்ல முடியாது.

அதே கவ்வாலியை நாம் முறையாகக் கேட்டதும் உண்டு. 1989-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அலுவல் நிமித்தம் டில்லி சென்றிருந்தபோது, ஒரு வியாழன் மாலை ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா அவர்களின் தர்காவுக்குப் போனோம். குருநாதரும் சீடரும் ஒரே வளாகத்தில் அடங்கியிருக்கும் இடம் அது. நிஜாமுத்தீன் அவுலியா, கவிஞர் அமீர் குஸ்ரு இருவருமே 1325-ஆம் ஆண்டில் மறைந்தவர்கள். அந்த முற்றத்தில் பாடகர்கள் மக்களை நோக்கி அமர்வதில்லை. அடக்கத்தலத்தை நோக்கி அமர்கிறார்கள். நாமெல்லாம் ஓரத்தில் இருந்து ஒட்டுக் கேட்பவர்கள்தாம். நமக்கோ அந்த மொழியில் வணக்கம் சொல்லவும் விலை கேட்கவும் மட்டுமே தெரியும். இருந்தும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. பொருள் தெரியாத சொற்களைக்கூட ஊருக்குத் திரும்பும் வரை வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காணிக்கை கொடுக்க விரும்பிய ஒருவர், நோட்டை இரு கைகளிலும் ஏந்திச் சென்று அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் குனிந்து நீட்டினார். பெரியவர் அதைத் தொட்டுக் கொடுத்த பிறகே அது பாடகரின் முன் வைக்கப்பட்டது. அங்கே பொறுக்கும் வேலை யாருக்கும் இல்லை.

இனி, நாம் கேட்டவற்றுள் தலையாயது. அது 1974-ஆம் ஆண்டு ஏப்ரல், ரபீவுல் அவ்வல் மாதம். நாகைப் பக்கத்துக் கடலோர ஊரான நம் ஊருக்கு இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் பாட வந்தார்கள். நமக்கு அப்போது வயது பதினான்கு. அன்னாரின் குரல் இசைத்தட்டின் வழியே முன்பே வீட்டுக்கு வீடு பழக்கமானதுதான். 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் அன்னார் சேர்ந்து பாடிய பாட்டை, திரைப்படமே பார்க்காத வீடுகளும் அறிந்திருந்தன. ஆனால் தட்டில் கேட்பது வேறு, தெருவில் கேட்பது வேறு.

பள்ளிவாசல் தெருவில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை. தெருமணலில் விரித்த பாய்கள். தென்னை மரத்தில் கட்டிய இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். கூடவே ஆர்மோனியமும் தபேலாவும் தப்ஸும். இவ்வளவுதான் ஏற்பாடு. வரவேற்புரை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இஷாத் தொழுகை முடித்து மக்கள் வந்து அமர்ந்ததும், துருக்கித் தொப்பி அணிந்த அந்த உருவம் மேடையேறியது.

அந்தக் குரலைப் பற்றி எழுதாதவர் இல்லை. கம்பீரம் என்பார்கள், வெண்கலம் என்பார்கள். நம்மைக் கவர்ந்தது வேறொன்று. அன்னார் ஓர் அடியை எடுத்தால், அந்த அடி தெருவின் கடைசிப் பாயில் இருப்பவனுக்கும் எழுத்தெழுத்தாகச் சென்று சேர்ந்தது. றகரமும் ரகரமும் தத்தம் இடத்தில் நின்றன, ழகரம் மயங்கவில்லை. கருவிகள் சொல்லுக்குப் பின்னால் நடந்தன. சீறாப்புராணத்தை வீட்டில் வைத்திருந்தும் பொருள் விளங்காமல் மூடிவைத்த குடும்பங்கள் நம்மூரில் பல. மீன் விற்கும் கூடையை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்தவரும் அன்று பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தம் சொந்த மொழியில், விளக்கவுரை தேவைப்படாமல் கேட்டார். மாற்று மதத்துச் சகோதரர்கள் பாதித் தெருவை நிறைத்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பாடல்கள் மனப்பாடம்.

பெண்கள் தென்னந்தட்டிக்குப் பின்னாலும் மாடிகளிலும் இருந்தார்கள். நம் உம்மாவின் தாயார் மாடிச் சுவரை ஒட்டி, கைக்குழந்தையான நம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். வாப்பா கச்சேரிக்கு வரவில்லை. தப்ஸ் கொட்டிப் பைத்து ஓதுவதை ஒப்புவார்கள், ஆர்மோனியத்தை ஒப்பமாட்டார்கள். கொள்கையில் பிடிவாதக்காரர். இஷா முடிந்து வீடு வந்து கிதாபை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் தெருவைப் பார்த்த சன்னலை அடைக்கச் சொல்லவில்லை. நள்ளிரவுக்குமேல் தண்ணீர் குடிக்க வந்த நாம் பார்த்தபோது, கிதாபு அதே பக்கத்தில் விரிந்து கிடந்தது.

மறுநாள் காலை, நாம் கேட்காமலே வாப்பா பேச்சை எடுத்தார்கள். ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில், கேட்பதன் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். கேட்பதற்குத் தகுந்த காலம் வேண்டும், தகுந்த இடம் வேண்டும், உடனிருப்போரும் தகுந்தவராக வேண்டும் என்று ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் கூறியதன் கருத்து அதில் எடுத்தாளப்பட்டுள்ளது. வாப்பா அதை நமக்கு விளக்கிவிட்டு, "நேற்று இந்த மூன்றும் இருந்தன போலிருக்கிறதே" என்றார்கள். பிறகு, "ஆர்மோனியம் இல்லாவிட்டாலும் அந்தக் குரல் நிற்கும்" என்றும் சொல்லி வைத்தார்கள். 2011-இல் அந்த மண்டபத்து இருட்டில் படியிறங்கியபோது நமக்கு வாப்பாவின் அந்த விளக்கந்தான் நினைவில் ஓடியது. அங்கே காலம் சால்வைக்குப் போயிற்று. இடம் எதிரொலிக்குப் போயிற்று. உடனிருந்தோரைப் பற்றி மேலே எழுதிவிட்டோம்.

நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா அவர்களை ஒருமுறை கேட்கும் பேறும் நமக்கு வாய்த்தது. ஆந்திரத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சென்னை மியூசிக் அகாடமியின் 'சங்கீத கலாநிதி' விருது பெற்று, அடுத்த ஆண்டே மறைந்தவர். அவர் வாசித்ததை எழுத நமக்குச் சங்கீத ஞானம் போதாது. வாசித்து முடித்ததும் கூட்டம் உடனே கைதட்டாமல் சற்று நேரம் சும்மா இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

ஹனிபா அவர்கள் 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் சென்னையில் காலமானார்கள். செய்தி வந்த அன்று, உம்மாவின் தாயார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தக் காலத்துப் பெண்மணிகள் பலரையும் போல அரபுத் தமிழ் எழுதவும் படிக்கவும் அறிந்தவர்கள். கச்சேரிக்கு மறுநாள் ளுஹருக்குப் பின், நம்மைப் பக்கத்தில் இருத்தி, தமக்கு நினைவிருந்ததைத் தாமும் நமக்கு நினைவிருந்ததை நாமும் சொல்லச் சொல்ல, அன்று கேட்ட பாடல்களை அரபு எழுத்தில் தமிழாகவே எழுதி வைத்தார்கள். பதினோரு பாடல்கள். ஒரு முறை, அதுவும் மாடியிலிருந்து கேட்டு மனத்தில் நின்றவை! நான்காம் பாட்டில் ஓர் அரபுச் சொல்லை வாப்பா சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார்கள். வீட்டில் இன்று அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவரே. பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால், எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தமிழா?" என்று கேட்கிறார்கள்.

பதினோராம் பாட்டில் ஓர் அடி இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அந்நேரம் பிள்ளை அழுதான், காதில் விழவில்லை என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள்.